இரும்புப் பெட்டிக்குள் பனி

வெட்டவெளியில் நிற்கும் ஒரு கருவிப் பெட்டிக்குள் எவ்வளவு சூடு ஏறும், எவ்வளவு ஈரம் தங்கும் என்பதை இப்போது நீங்கள் கணினித் திரையில் சிவப்பும் நீலமுமாகப் படம் போட்டுப் பார்க்கிறீர்கள். போன மாதம் உங்கள் தொழிற்சாலைக்கு என்னைக் கூப்பிட்டு, மாலை போட்டு, குளிர்சாதன அறையில் உட்காரவைத்து அதைக் காட்டினீர்கள். நன்றாகத்தான் இருந்தது. உங்களில் ஒரு பெண், "ஐயா, உங்க காலத்துல இதெல்லாம் எப்படிக் கணிச்சீங்க?" என்று கேட்டாள். "கைய வச்சுப் பாத்துதான்லா" என்றேன். எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

அது முழுப் பதில் இல்லை. முழுப் பதிலில் என் பிழை ஒன்று இருக்கிறது. எண்பது வயதில் மாலை போட்டுக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை. எழுதுவது சுலபம், அதனால் எழுதுகிறேன்.

ஜப்பான்காரர்கள் பினாங்கை ஆண்ட காலம். அவர்கள் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஜார்ஜ் டவுனில் தொலைபேசி அலுவலகத்தில் நான் பழுதுப் பதிவுக் கிராணி. எந்த இணைப்பு, எத்தனை மணிக்கு, ஏன் கெட்டது என்று எழுதிவைப்பது என் வேலை. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ், வேலையிடத்தில் மற்றவர்கள் பேசும் தமிழ், மேலதிகாரியிடம் ‘துவான்’ என்று மரியாதை போட்ட மலாய் என்று மூன்று நாக்கோடு பிழைத்துக்கொண்டிருந்தேன்.

கடற்கரையோரம் எங்கள் பின்கட்டு முற்றத்தில், வெட்டவெளியில், ஆள் உயர இரும்புப் பெட்டி ஒன்று நின்றது. உள்ளே, பழைய ரேடியோவில் இருப்பதுபோல் கண்ணாடி வால்வுகள் வைத்த குரல் பெருக்கி இருந்தது. தீவிலிருந்து தைப்பிங் பக்கம் போகும் பேச்சு வழியிலேயே தேய்ந்துபோகாமல் இருக்க அது வேண்டும். இரவில் அதை நிறுத்திவிடுவார்கள். காலை எட்டு மணிக்குத் திறந்து, துடைத்து, முடுக்குவார்கள். போருக்கு முன்பும் அப்படித்தான். ஜப்பான்காரர்கள் காலத்திலும் அப்படித்தான்.

முன்பு அதன் சாவியை ஒரு வெள்ளைக்காரர் வைத்திருந்தார். அவர் போன பிறகு சாவி அந்தோணி அண்ணனிடம் வந்தது. அக்கரையில் பாகான் டாலாமிலிருந்து தினமும் கப்பலேறி வருகிற மெக்கானிக். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வேலை பேசும், வாயும் பேசும். "கிராணி, நீ எழுதுற எழுத்தப் பாத்தா பழுதுகூட வெக்கப்பட்டுத் தானா சரியாயிடும்" என்பார்.

அதிலிருந்து அந்தப் பெட்டி கெட ஆரம்பித்தது. வாரத்தில் இரண்டு நாள், சில வாரம் நான்கு நாள். காலையில் முடுக்கியதும் உள்ளே கரகரவென்று பொறி பறக்கும், ஃபியூஸ் போகும், ஒரு மணி நேரத்துக்கு இணைப்பு இருக்காது. காலையில் திறக்கும்போதே மூடியின் உட்புறத்தில் தண்ணீர் முத்து முத்தாகத் தொங்கும். சில துளிகள் கீழே துணி எட்டாத கம்பி முனைகள்மேல் விழுந்திருக்கும். அந்த இணைப்பில் பேசுகிறவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பட்டாளத்துக்காரர்கள்.

எங்கள் மேலதிகாரி ஒரு ஜப்பானிய எஞ்சினியர். பட்டாளத்துக்காரர் அல்ல, சாதாரண உத்தியோகஸ்தர், அதிர்ந்து பேசமாட்டார். "போருக்கு முன்பு இது இப்படிக் கெட்டதா? பழைய பதிவைப் பார்த்து எழுதிக் கொடு" என்று என்னிடம் சொன்னார். நான் பழைய புத்தகங்களை எடுத்துத் தூசி தட்டி, இரண்டு நாள் உட்கார்ந்து ஒப்பிட்டேன். போருக்கு முன்பு எட்டு மணிப் பழுது ஒன்றுகூட இல்லை. மலாயில் ஒரு பக்கம் எழுதினேன். கடைசி வரிகள் இன்னும் மனப்பாடம்: "பெட்டி அதே பெட்டி. இடம் அதே இடம். முடுக்கும் நேரம் அதே எட்டு மணி. மாறியிருப்பது சாவி வைத்திருப்பவர் மட்டுமே."

அந்தோணி அண்ணன் ஈரத்துணியால் பெட்டியைத் துடைத்துவிட்டு அவசரத்தில் மூடுகிறார் என்பது என் எண்ணம். கொஞ்சம் கண்டித்தால் போதும் என்று நினைத்தேன். அந்த வரிகளின் அழகில் மயங்கி, இன்னொரு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது.

நான்காம் நாள் இராணுவப் போலீஸ்காரர்கள் வந்து அந்தோணி அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். காலை வேலை நேரம், எல்லார் கண்ணெதிரிலும். அவர் கையிலிருந்த துணியைக் கீழே போடக்கூட விடவில்லை. வந்த அதிகாரியின் கையில் என் தாள் இருந்தது. எஞ்சினியர் அதைக் கோப்பில்தான் வைத்திருந்தார். அவர்கள் கோப்போடு எடுத்துப் போயிருந்தார்கள். அதிகாரி பெட்டி மூடியைத் தட்டி, பசார் மலாயில், அதாவது கடைத்தெரு மலாயில், "ஆயர் டாரி மானா?" என்று கத்தினார். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார். "பனி விழும், சரி. வானத்திலிருந்து விழுகிற பனி இரும்பு மூடிக்குள் எப்படி விழும்? யாரோ ஊற்றுகிறான்!"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழி எங்கே போனது என்று பார்த்துவிட்டேன். பாவம் என் மேசையில் உட்கார்ந்திருந்தது. நாசவேலை என்று முடிவுகட்டினால் அந்தக் காலத்தில் ஆள் திரும்பி வருவதில்லை.

அன்று வேலை முடிந்ததும் கப்பலேறி பாகான் டாலாம் போனேன். அவர் மனைவியைப் பார்த்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அந்த அக்கா வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். மூன்று பிள்ளைகள் உள்ளே. அந்த முகத்தைப் பார்த்ததும் "விசாரிச்சிட்டு விட்டுருவாங்க அக்கா" என்று ஒரு பொய்யைச் சொன்னேன்.

"தண்ணி ஊத்துனாருன்னு சொல்றாங்களாம், தம்பி. பொட்டியத் தொடைக்கிற துணிய நான்தான் தெனமும் அடுப்புல காய வச்சுக் குடுக்கிறேன். ஈரத்துணி ஆகாதும்பாரு அந்த மனுசன்."

என் காரணம் அங்கேயே உடைந்தது. அவமானமாக இருந்தது. எழுந்தேன். கைக்கடிகாரத்தில் மணி ஐந்தரை. "அஞ்சரை ஆச்சுக்கா, கப்பல் போயிடும்" என்று சொல்லி வாய் மூடவில்லை, உள்ளே சுவர்க் கடிகாரம் நான்கு அடித்தது.

"உங்க கடிகாரம் ஓடலயா அக்கா?"

"நல்லாத்தான் ஓடுது. நான் பழைய மணிய மாத்தல. அவங்க ஊரு மணிக்கு ஆபீஸ் கடிகாரத்தத் திருப்பலாம், கோழிக்கு யாரு திருப்புறது? முன்னெல்லாம் இவரு எட்டு மணிக்குப் பொட்டியத் தொறக்கணும்னா வெயில் ஏறின பெறகுதான் போய்ச் சேருவாரு. இப்பவும் எட்டு மணிதான். ஆனா போறப்ப இருட்டு. அங்கன போய்த் தொறக்கிறப்பகூடச் சூரியன் வந்திருக்காதாம்."

ஜப்பான்காரர்கள் வந்ததும் கடிகாரங்களை எல்லாம் தோக்கியோ மணிக்கு மாற்றச் சொன்னார்கள். ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளினோம். முதல் மாதம் எல்லாரும் முணுமுணுத்தோம், அப்புறம் பழகிவிட்டது. பழகியதுதான் வினை. பழைய புத்தகத்தில் இருந்த எட்டையும் புதுப் புத்தகத்தில் இருந்த எட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "அதே எட்டு மணி" என்று எழுதியவன் நான். புது எட்டு என்பது பழைய ஆறரை. விடியலுக்குச் சற்று முன்பு, நாளிலேயே மிகவும் குளிர்ந்த நேரம். பழைய எட்டில் அந்தப் பெட்டிமேல் ஒரு மணி நேர வெயில் அடித்து, உள்ளே இருந்த ஈரமெல்லாம் காய்ந்திருக்கும். வெள்ளைக்காரர் அந்தத் தண்ணீரைப் பார்த்ததே இல்லை. அவர் திறப்பதற்குள் அது ஒவ்வொரு நாளும் வந்து, போயிருந்தது.

கப்பலில் திரும்பும்போது மீதியை யோசித்தேன். ஐஸ் போட்ட கிளாஸ் வெளியே வேர்க்கிறதல்லவா? யாரும் அதன்மேல் தண்ணீர் ஊற்றுவதில்லை. காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்த கிளாஸில் படிகிறது. பெட்டி பகலில் சூடாகி உள்ளிருந்த காற்றை வெளியே தள்ளும்; இரவில் குளிர்ந்து, கம்பி நுழையும் ஓட்டைகள் வழியே கடல் காற்றை உள்ளே இழுக்கும். இரும்பு மூடி திறந்த வானத்தைப் பார்த்துக்கொண்டு குளிர்ந்தால், அதன் உட்புறம் வேர்க்கும். பனி எங்கிருந்தும் விழுவதில்லை, இருக்கிற இடத்திலேயே உண்டாகிறது. மேகம் போர்வை மாதிரி மூடியிருக்கும் இரவில் இரும்பு அவ்வளவு குளிராது. அப்படியானால் பழுது மழை நாளில் வரக்கூடாது, வானம் தெளிந்த இரவுக்கு மறுநாள்தான் வர வேண்டும்.

மறுநாள் என் பதிவைப் புரட்டினேன். மழை பெய்தால் கம்பிகள் கெடும் என்பதால் மழைக்கென்று ஒரு பத்தி வைத்திருந்தேன். பெட்டி கெட்ட நாள் ஒவ்வொன்றிலும் முந்தின இரவு மழை இல்லை. ஒரு நாள்கூடத் தப்பவில்லை. என் கையெழுத்திலேயே எல்லாம் இருந்தது. கண்ணிருந்தும் குருடன் என்பது அன்றைக்கு எனக்குப் பொருந்தியது.

ஓட்டமாக எஞ்சினியரிடம் போனேன். எல்லாவற்றையும் மூச்சு வாங்கச் சொல்லிவிட்டு, "நாளைக்குப் பெட்டி கெடும் துவான்! வானம் தெளிவாக இருக்கிறது. இதை நான் எழுதித் தருகிறேன், இராணுவப் போலீஸிடம் கொடுங்கள்" என்றேன்.

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். தாளில் ஒரு பெட்டியும் மேகமும் வரைந்து, என் கணக்கைத் தலையாட்டி ஒப்புக்கொண்டார். பிறகு மெதுவாக, தட்டுத்தடுமாறிய மலாயில், "நாளைக்குக் கெடும் என்று இன்றைக்கே நீ சொல்கிறாய். நாளைக்குக் கெடுகிறது. அவர்கள் என்ன நினைப்பார்கள்? கெடுப்பவனுக்குத்தானே முன்கூட்டியே தெரியும்?" என்றார்.

சரியாகக் கணித்தால் நானும் உள்ளே போவேன். தப்பாகக் கணித்தால் அந்தோணி அண்ணன் திரும்ப மாட்டார். நீங்கள் இதுவரை செய்த கணிப்புகளில் இப்படி ஒன்று இருந்திருக்காது, இருக்கவும் வேண்டாம். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் நான் கற்றதை உங்களுக்குச் சொல்கிறேன். நான் ஒருவன் மட்டும் சொல்லக்கூடிய கணிப்பு, கேட்கிறவனுக்கு வாக்குமூலம் மாதிரித்தான் படும். கேட்கிறவன் தானே கணித்துப் பார்க்கும்படி வழியைக் கொடுத்துவிட வேண்டும்.

இராணுவப் போலீஸ் அதிகாரி அன்று மதியம் வந்தார். எஞ்சினியர் எனக்குப் பக்கத்தில் நின்றார். அதுவே அவருக்குப் பெரிய தைரியம். நான் கடிகார விஷயத்தையும் மேக விஷயத்தையும் சுருக்கமாகச் சொன்னேன். அதிகாரி என்னை உற்றுப் பார்த்தார்.

"அப்படியானால் நாளைக்குத் தண்ணீர் இருக்குமா?"

ஆமாம் என்று நாக்கு நுனியில் நின்றது. விழுங்கினேன்.

"எனக்குத் தெரியாது, துவான். நீங்கள்தான் சொல்ல வேண்டும். இன்று படுக்கப் போகும்போது வானத்தைப் பாருங்கள். நட்சத்திரம் தெரிந்தால் விடியலில் தண்ணீர் இருக்கும். மேகம் மூடியிருந்தால் இருக்காது. பெட்டிக்கு உங்கள் பூட்டைப் போட்டு, உங்கள் முத்திரையை ஒட்டி, உங்கள் சிப்பாயைக் காவல் வையுங்கள். மெக்கானிக் உங்களிடம் இருக்கிறார். என்னையும் இங்கேயே அடைத்துவையுங்கள்."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் யோசித்துச் சொல்லவில்லை, அதுவாக வந்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். ஆனால் பின்னால் பார்த்தால் காரியத்தைக் காப்பாற்றியது அதுதான். பண்டக அறையில் என்னைப் போட்டுப் பூட்டினார்கள்.

முதல் விடியலில், தோக்கியோ மணி எட்டுக்கு, என்னை முற்றத்துக்குக் கொண்டு வந்தார்கள். அதிகாரி தன் முத்திரையைத் தானே சோதித்தார், தானே உடைத்தார், மூடியைத் திறந்தார். உள்ளே தண்ணீர் முத்துகள் வரிசையாகத் தொங்கின. சட்டென்று திரும்பி, வேறு யாரையும் பார்க்காமல், தன் சிப்பாயைப் பார்த்தார். இரவெல்லாம் பெட்டிக்கு அருகில் நின்றவன் அவன் ஒருவன்தான். அந்தப் பையனின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. அவனைச் சந்தேகிக்க அதிகாரிக்கு மனம் வரவில்லை. அவனைச் சந்தேகிக்கவில்லை என்றால் வேறு யாரைச் சந்தேகிப்பது என்றும் தெரியவில்லை. "இன்னொரு நாள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாம் நாள் மாலை மேகம் கவிந்தது. பிறகு மழை கொட்டித் தீர்த்தது. பண்டக அறையின் தகரத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று நான் வேண்டாத சாமி இல்லை. அந்தோணி அண்ணனுக்காக மாதாவையும் வேண்டிக்கொண்டேன். ஏனென்றால் பெட்டி மூடியின் ரப்பர் ஓர் ஓரத்தில் வெடித்திருந்தது. காலையில்தான் பார்த்தேன், யாரிடமும் சொல்லவில்லை. மழை அந்த வழியே ஒரு சொட்டு உள்ளே போனாலும் என் கணக்கெல்லாம் கடலில் கரைத்த பெருங்காயம்.

விடிந்தது. முற்றமெல்லாம் தண்ணீர் தேங்கி நின்றது. பெட்டியின் வெளிப்புறம் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. அதிகாரி வந்தார், பெட்டியைத் திறப்பதற்கு முன்பு எங்களைப் பார்த்து, "உள்ளே தண்ணீர் இருக்காது" என்று அவரே அறிவித்தார். அவர் குரலில் ஒரு பெருமிதம். திறந்தார். மூடியின் உட்புறத்தில் உள்ளங்கையை வைத்து நெடுகத் தேய்த்தார். கையைத் திருப்பிக் காட்டினார். காய்ந்திருந்தது.

அதற்குப் பிறகு அவருடைய சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! எஞ்சினியருக்கே பனி எப்படி உண்டாகிறது என்று பாடம் எடுத்தார். மழை பெய்தால் காயும், வானம் தெளிந்தால் நனையும், யாருக்காவது தெரியுமா இது என்று கேட்டார். யாருக்கும் தெரியாது துவான் என்று நாங்கள் தலையாட்டினோம். கண்டுபிடிப்பு அவருடையதாகவே போகட்டும், எனக்கு ஆள் திரும்பி வந்தால் போதும். உங்களில் சிலருக்கு அறிக்கையில் பெயர் வரவில்லை என்றால் சோறு இறங்காது என்று கேள்விப்பட்டேன். எப்போதாவது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்கு என்ன வைத்தியம் செய்தோம் என்று கேட்பீர்கள். நாலு கம்பு நட்டு, மேலே ஓர் அத்தாப்பு ஓலைக் கூரை. அவ்வளவுதான். மூடிக்கும் வானத்துக்கும் நடுவில் ஏதாவது ஒன்று இருந்தால் அது அவ்வளவு குளிராது. முடுக்கும் நேரத்தையும் எஞ்சினியர் சத்தமில்லாமல் ஒன்பதரைக்குத் தள்ளிவைத்தார். அதன்பின் ஜப்பான்காரர்கள் போகும்வரை அந்தப் பெட்டி ஈரத்தால் கெடவில்லை. உங்கள் திரையில் நான் பார்த்த படத்தில் பெட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே சூடு போட்டிருந்தீர்கள். மேலே வானம் இருக்கிறது, தம்பிமாரே, தங்கச்சிமாரே. அதையும் கணக்கில் சேருங்கள்.

இரண்டு நாள் கழித்து அந்தோணி அண்ணனை விட்டார்கள். மொத்தம் ஆறு நாள் உள்ளே இருந்திருக்கிறார். கப்பல் துறையில் நான் காத்துக்கொண்டிருந்தேன். பாதி ஆளாக வந்தார். இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. நான் ஓடிப்போய், அவர் உட்காருவதற்கு முன்பே, மனப்பாடம் செய்து வைத்திருந்ததைக் கொட்டினேன்.

"அண்ணே, அந்தத் தாள எழுதினது நான்தான். சாவி வச்சிருக்கிறவரு மட்டும்தான் மாறியிருக்காருன்னு நான்தான் எழுதினேன்."

"தெரியும்" என்றார். "மொத நாளே காட்டுனாங்க. உன் எழுத்து எனக்குத் தெரியாதா?"

அவர் படிக்கட்டில் மெல்ல உட்கார்ந்து, சரியாயிருந்த கையால் மற்றக் கையைத் தடவிக்கொண்டார்.

"உன்கூட வேற யாரு அந்தப் பொட்டிகிட்டப் போவான்னு தெனமும் கேட்டாங்க. ஒரு பேரச் சொல்லு, ஒன்ன விட்டுர்றோம்னாங்க. கோவம் இருந்துச்சு, கிராணி. பொய் சொல்லமாட்டேன். உன் பேரு வாய் வரைக்கும் வந்துச்சு."

"சொல்லியிருக்கலாமே அண்ணே. ஏன் சொல்லல?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பழைய கேலி கொஞ்சம் அந்த முகத்தில் திரும்பி வந்தது.

"தப்பா எழுதினவன் நீ. எங்க தப்புன்னு கண்டுபிடிக்கிறவனும் நீயாத்தான் இருப்பேன்னு நெனச்சேன். உன்னையும் உள்ள இழுத்துப் போட்டுட்டா, யாருலா வெளிய இருந்து கணக்குப் பாக்குறது?"

நான் அந்தத் துறையிலேயே, கப்பலுக்கு நின்ற அத்தனை பேர் முன்னாலும், வாய்விட்டு அழுதேன்.